வியாழக்கிழமை தெற்கே சூலம்

இண்டர் ஆர்ட்ஸ் படித்த வருஷம் முழுக்க நான் யார்மீதாவது கோபமாகவே இருந்தேன். பாதி நாள் பொருளாதாரப் பேராசிரியர்மீது, மீதி நாள் அப்பாமீது. அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. ஆனாலும் கூடிப் பேசி வைத்துக்கொண்டவர்கள் மாதிரி ஒரே பதிலைச் சொன்னார்கள்.

அறுபதுகளின் நடுவில் நடந்தது இது. பம்பாய் மாட்டுங்காவில் மூன்றாம் மாடியில் இரண்டு அறை எங்கள் வீடு. அப்பா ஃபோர்ட்டில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. எஸ்.எஸ்.ஸி. முடித்ததும் என்னை டைப்பிங், ஷார்ட்ஹேண்டில் சேர்ப்பதாகத்தான் தீர்மானம் ஆகியிருந்தது. எங்கள் கட்டடத்துப் பெண்கள் எல்லாரும் அந்த வழியில்தான் போனார்கள். எனக்கோ இன்னொருவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்கிற பிழைப்பு வேண்டாம் என்றிருந்தது. நானாக ஒன்றை யோசிக்க வேண்டும், அதை நான் சொல்ல நாலு பேர் கேட்க வேண்டும். இரண்டு நாள் பட்டினி கிடந்து காலேஜுக்கு அனுமதி வாங்கினேன். அப்பா ஒரு நிபந்தனை போட்டார். இண்டரில் ஒரே தடவையில் எல்லாவற்றிலும் தேறினால் பி.ஏ. ஒரு பேப்பரில் கோட்டை விட்டாலும் டைப்ரைட்டர்தான்.

மற்ற பாடங்களில் பயமில்லை. பொருளாதாரம்தான் உயிரை வாங்கியது. அரைவருஷப் பரீட்சையில் அதில் ஃபெயில்.

பேராசிரியர் வருவார், கண்ணாடியைத் துடைப்பார், நோட்ஸ் சொல்ல ஆரம்பிப்பார். நாங்கள் தலை நிமிராமல் எழுதுவோம். டிக்டேஷனுக்குப் பயந்து காலேஜுக்கு ஓடி வந்தவள் அங்கேயும் டிக்டேஷன்தான் எடுத்தேன். அவருடைய ஒவ்வொரு விதியும் ஒரே மாதிரி ஆரம்பிக்கும்: ‘மற்றவையெல்லாம் மாறாமல் இருக்குமானால்.’ மற்றவை மாறாமல் இருந்தால், விலை ஏறும்போது தேவை குறையும். எங்கள் வீட்டில் எது மாறாமல் இருந்தது? ரேஷனில் இந்த வாரம் அரிசி என்பான், அடுத்த வாரம் கோதுமை என்பான். பாலக்காட்டிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் நாலு பேர் வந்து இறங்குவார்கள். விலை பாட்டுக்கு விலை இருக்க, அம்மா பாட்டுக்கு உலையில் தண்ணீரைக் கூட்டுவாள்.

இதையாவது விட்டுவிடலாம். அந்த விதிக்காக அவர் கரும்பலகையில் போட்ட கோட்டுப் படம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. கணக்கு வகுப்பில் சொல்லிக் கொடுத்தபடி, எது மாறுவதால் இன்னொன்று மாறுகிறதோ அதைப் படுக்கைக் கோட்டில் போட வேண்டும். இங்கே விலை மாறுவதால்தான் தேவை மாறுகிறது என்று வாயால் சொல்லிவிட்டு, விலையைக் கொண்டுபோய் நெட்டுக் கோட்டில் நிறுத்தியிருந்தார்கள். நான் தலைகீழாகப் புரிந்துகொண்டேனா, புத்தகம் தலைகீழாக இருக்கிறதா? ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் எழுந்து நின்று கேட்டேன். முன் வரிசைப் பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

பேராசிரியர் கரும்பலகையைப் பார்த்தார். அவரும் அன்றுதான் அதைக் கவனித்தாரோ என்னவோ. “அப்படித்தான் போடுவது. உட்கார்” என்றார்.

அந்த ‘அப்படித்தான்’ எனக்கு நன்றாகப் பழக்கமானது. எங்கள் வீட்டில் அது காலைக் காப்பிக்கு முன்னாலேயே ஆரம்பிக்கும். அப்பா பஞ்சாங்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு நாளை நடத்துகிறவர். பரீட்சை அட்டவணை வந்ததும் என் பாடத்தைப் பார்க்கவில்லை, கிழமையைப் பார்த்தார். பொருளாதாரம் வியாழக்கிழமை. பரீட்சை நடக்கும் இடம் ஃபோர்ட் பக்கம், மாட்டுங்காவுக்கு நேர் தெற்கு.

“வியாழக்கெழமை தெற்கே சூலமாக்கும்” என்றார். அந்தக் கிழமையில் அந்தத் திசைக்குப் போகிற காரியம் விளங்காதாம்.

“நீங்க எல்லா வியாழக்கெழமையும் தெற்கேதானே ஆபீஸுக்குப் போறேள்?” என்றேன்.

“தெனப்படி போறதுக்கு சூலம் கெடையாது. இது விசேஷமாப் போறது.”

“ஏன் அப்படி?”

“அப்படித்தான்.”

சூலத்துக்குப் போக்கு உண்டு. முதல் நாளே நல்ல வேளையில், போகிற திசையில் இருக்கிற யார் வீட்டிலாவது நம்முடைய சாமான் ஒன்றைக் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். அதற்குப் பெயர் பரஸ்தானம். சாமான் கிளம்பியதும் நாமும் கிளம்பியதாகக் கணக்கு. மறுநாள் போகிற வழியில் அதை எடுத்துக்கொண்டால் போதும், சூலம் நம்மை ஒன்றும் செய்யாது. சாதாரணமாக ஒரு துண்டு, ஒரு சொம்பு, இப்படி எதையாவது வைப்பார்கள். அம்மா என் கைக்குட்டையைத்தான் எடுத்தாள். அப்பா விடவில்லை.

“பேருக்கு எதையோ வெக்கப்படாது. போற காரியத்துக்கு எது முக்கியமோ அதை வெக்கணும்” என்று என் ஹால் டிக்கெட்டை எடுத்து மஞ்சள் பையில் போட்டார்.

நான் கத்தினேன். அம்மா, “நாளெக்குப் பரீட்சையை வெச்சிண்டு அப்பாவோட சண்டை போடாதேடீ” என்றாள். புதன்கிழமை சாயங்காலம் அந்தப் பை தெருக்கோடிக் கட்டடத்தில் தரைத்தளத்தில் இருந்த ஒரு மாமி வீட்டுக்குப் போயிற்று. தனியாக இருக்கிற மாமி, வீட்டை விட்டு எங்கேயும் நகராதவள், எங்களுக்குத் தெற்கே இருப்பவள். இதைவிடத் தோதான இடம் பம்பாயில் கிடையாது என்றார் அப்பா.

வியாழக்கிழமை அப்பா வழக்கம்போல் தெற்கே போகிற ரயிலேறி ஆபீஸுக்குப் போய்விட்டார். நானும் அம்மாவும் மாமி வீட்டுக்குப் போனோம். கதவில் பூட்டு தொங்கியது.

அடுத்த வீட்டுக்காரர் பல் தேய்த்துக்கொண்டே வெளியே வந்தார். “மாமி விடியறதுக்கு முந்தியே செம்பூருக்குப் போயாச்சே. பொண்ணுக்கு வலி கண்டுடுத்துன்னு மாப்பிள்ளை டாக்ஸி கொண்டுவந்தார்.”

சாவி மாமியின் இடுப்பில். மாமி செம்பூரில். என் ஹால் டிக்கெட் இருந்த மஞ்சள் பை ஜன்னல் கம்பி வழியாகக் கண்ணுக்குத் தெரிந்தது, சுவாமி படத்துக்குக் கீழே ஒரு பூவோடு. கையை விட்டுப் பார்த்தேன், முழங்கைக்கு மேல் போகவில்லை. பூட்டை உடைக்கலாம் என்றேன். பெண்ணின் பிரசவத்துக்குப் போனவள் வீட்டுப் பூட்டை உடைப்பதா என்று அம்மா காதைப் பொத்திக்கொண்டாள்.

“பஸ்ஸைப் பிடிச்சு செம்பூர் போய் சாவியை வாங்கிண்டு வந்துடேன்” என்றாள்.

“போயிட்டு வர்றதுக்குள்ள பரீட்சை முடிஞ்சுடும்.”

“வெச்ச பரஸ்தானத்தை எடுக்காமப் போகப்படாதேடீ. டிக்கெட் இல்லாம உள்ளேதான் விடுவாளோ?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் இழக்கிற இன்னொன்றே அதன் விலை என்று பேராசிரியர் ஒரு நாள் சொல்லியிருந்தார். சொன்ன நாளில் புரியவில்லை. செம்பூருக்குப் போனால் டிக்கெட் கிடைக்கும், பரீட்சை போய்விடும். ஃபோர்ட்டுக்குப் போனால் பரீட்சை இருக்கும், கையில் டிக்கெட் இருக்காது. நான் ஸ்டேஷனைப் பார்த்து ஓடினேன்.

அம்மா பின்னாலேயே ஓடி வந்தாள். வழியில் தெரிந்தவர் வீட்டில் நுழைந்து உள்ளங்கை நிறையத் தேங்காயெண்ணெய் வாங்கி வந்து, நடுரோட்டில் என் உச்சியில் வைத்துத் தேய்த்தாள். “வியாழக்கெழமை சூலத்துக்குத் தைலம் பரிகாரம்” என்றாள் மூச்சிரைக்க. இத்தனை சுலபமாக ஒரு பரிகாரம் இருந்ததென்றால் டிக்கெட்டை ஏன் ஊர்வலம் அனுப்பினார்கள்? கேட்க நேரமில்லை. எண்ணெய் நெற்றியில் வழிய லேடீஸ் டப்பாவில் ஏறினேன். வி.டி. ஸ்டேஷன் வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டே போனேன்.

பரீட்சை அறை வாசலில் நரைத்த மீசையோடு ஒரு மராட்டிய சூபர்வைசர். கேள்வித்தாள் கொடுத்தாகிவிட்டது.

“ஹால் டிக்கெட் கிதர் ஹை?”

“தூஸ்ரே கே கர் மே ஹை, சார்.”

“தூஸ்ரே கே கர் மே க்யோன்?”

அடுத்தவர் வீட்டில் ஏன் இருக்கிறது? என் ஹிந்தியில் அதற்கு வார்த்தை இல்லை. இங்கிலீஷில் முயன்றேன். இன்று வியாழக்கிழமை, இது தெற்கு, அதனால் என் அப்பா என்று ஆரம்பித்து, நானே வெட்கப்பட்டு நிறுத்தினேன். உள்ளே எல்லாரும் எழுதிக்கொண்டிருந்தார்கள். பி.ஏ. என் கண்ணெதிரில் போய்க்கொண்டிருந்தது. அழுகையும் ஆத்திரமுமாக, “பரஸ்தானம், சார், பரஸ்தானம்!” என்று கத்திவிட்டேன்.

அவர் என் எண்ணெய்த் தலையைப் பார்த்தார். “ப்ரஸ்தான் டேவ்ல கா?” என்றார். பரஸ்தானம் வைத்தாயா என்று மராத்தியில் கேட்கிறார்! அவர்களிடமும் அது இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. தலையை ஆட்டினேன்.

“மாஜி ஆயி பண் டேவாய்ச்சி” என்றார். என் அம்மாவும் வைப்பாள் என்று அர்த்தம். ஆனால் அவர் அம்மா ஒரு தேங்காயைத்தான் வைப்பாளாம். காலேஜ் அடையாள அட்டையைப் பார்த்தார், மறுநாள் ஹால் டிக்கெட்டைக் காட்டுவதாக ஒரு காகிதத்தில் எழுதி வாங்கிக்கொண்டார், உள்ளே விட்டார்.

முதல் கேள்வியே தேவை விதி. நெற்றியைப் புறங்கையால் துடைத்துக்கொண்டேன். பிறகு எழுதினேன். நோட்ஸில் இருந்ததை எழுதிவிட்டு, ‘மற்றவை மாறாமல் இருக்குமானால்’ என்பதைத் தனியாக எடுத்துக்கொண்டு, எந்த எந்த மற்றவை, அவை மாறினால் கோடு என்ன ஆகும் என்று ஒரு பக்கத்துக்கு விளாசினேன். ரேஷனும் விருந்தாளிகளும் அதில் வந்தார்கள். விலையை அவர்கள் சொன்னபடி நெட்டுக் கோட்டிலேயே நிறுத்தி, அது ஏன் அங்கே நிற்கிறது என்று புரியவில்லை என்றும் எழுதினேன். அந்தப் படத்தின்மேல் ஒரு சொட்டு எண்ணெய் விழுந்து காகிதம் கண்ணாடியாகிவிட்டது. வருஷம் முழுக்க அந்தப் பாடத்தில் நானாக யோசித்தது அந்த ஒரு மணி நேரம்தான்.

வெள்ளிக்கிழமை காலையில் மாமி செம்பூரிலிருந்து சேதியும் சாவியும் அனுப்பினாள். பேரன் பிறந்திருந்தான். ஹால் டிக்கெட்டை வாங்கிக்கொண்டு போய் அந்த சூபர்வைசரிடம் காட்டினேன்.

ரிசல்ட் வந்தது. எல்லாவற்றிலும் தேறியிருந்தேன். பொருளாதாரத்தில்தான் அதிக மார்க். அப்பா பேச்சு மாறாதவர், பி.ஏ.வுக்கு விண்ணப்பம் வாங்கி வந்துவிட்டார். நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அவருடைய பரஸ்தானத்தால் எனக்கு என்ன நேரப் பார்த்தது என்று அவருக்கு உறைக்க வேண்டுமென்று, வாசலில் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன்.

அப்பா முகம் மலர்ந்துவிட்டது. “பார்த்தியா! அந்த வார்த்தையைச் சொன்னதும் கதவு தொறந்துடுத்து. பரஸ்தானம் கைவிடலை.”

“டிக்கெட்டை அங்கே வெக்காம இருந்தா, அந்த வார்த்தையைச் சொல்லவே வேண்டியிருந்திருக்காதுப்பா.”

“வெக்காமப் போயிருந்தா ஃபெயிலாயிருப்பே.”

“எழுதினது நான்!”

“யார் இல்லேன்னா? நீதான் எழுதினே” என்றார் மிகுந்த பிரியத்தோடு. “எழுத வெச்சது?”

ஆத்திரத்தில் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. அடுப்படியிலிருந்து அம்மா ஓடி வந்தாள். பாஸான பெண் சந்தோஷத்தில் அழுகிறது என்று நினைத்து, டப்பாவின் அடியில் கிடந்த ரேஷன் சர்க்கரையைச் சுரண்டி, நான் பதில் சொல்லத் திறந்த வாயில் போட்டுவிட்டாள்.