எதிர்முனையிலிருந்து வந்தவள்

நம்பாவிட்டால் போங்கள். ஆனால் இது நடந்தது. வியாழக்கிழமை, மாலை நாலு மணிக்கு. பகலில் பேய் வருமா என்று கேட்பீர்கள். மூடுபனி இறங்கிவிட்டால் தேயிலைக் காட்டில் பகல் ஏது?

பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு நான் கொழுந்து பறிக்க வந்தபோது என் கை ரொம்ப மெதுவு. பெரியம்மா தன் வரிசையை முடித்ததும், என் வரிசையின் மறுமுனைக்குப் போய், அங்கிருந்து பறித்துக்கொண்டே எதிரே வருவாள். நடுவில் சந்திப்போம். பறித்ததையெல்லாம் என் கூடையில் கொட்டிவிட்டு, "ஆமைகூட உன்னை முந்திடும்டி" என்பாள்.

பிறகு மெஷின் வந்தது. இரண்டு ஆட்கள் இருபுறமும் பிடித்துக்கொண்டு செடியின் தலையைச் சீவிக்கொண்டே போவார்கள். பின்னால் பை பிடிக்க ஒருத்தி போதும். மேஸ்திரி எங்கள் இருவரின் எடைச் சீட்டையும் பார்த்தார்.

"சின்னப் பொண்ணு உன்னைவிட ஜாஸ்தி பறிச்சிருக்கு. உனக்குக் கை தளந்துபோச்சும்மா. அவளே இருக்கட்டும்."

என் கூடையில் பாதி அவளுடையது. நான் சொல்லியிருக்கலாம். பெரியம்மா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அவள் கூடையைக் கழற்றிக் கீழே வைத்தாள். மறுநாள் தன் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

மூன்று மாதம் ஆயிற்று.

அந்த வியாழன், பாதி வரிசையில் மெஷின் நின்றுபோனது. பெட்ரோல் இல்லை.

"பையை விட்டுட்டு எங்கயும் போயிடாத. தொலைஞ்சா சத்தம் போடக்கூடத் தெரியாது உனக்கு" என்று சிரித்தபடி இருவரும் கேனோடு மேலே போனார்கள்.

நான் மட்டும்.

டக்... டக்...

நகத்தில் கொழுந்து ஒடியும் சத்தம். இந்தக் காட்டில் இப்போது கையால் பறிப்பவர் யாருமே இல்லை.

டக்... டக்...

வரிசையின் எதிர்முனையிலிருந்து...

பனிக்குள் ஓர் உருவம். முதுகில் கூடை. குனிந்த தலை.

"பெரியம்மா...?"

விரல்கள் மட்டும் ஓடின.

ஆறு செடி தள்ளி... மூன்று செடி...

பைக்குள் ஒரு பிடி விழுந்தது.

"இன்னுமா முடிக்கல?"

சொல்லிவிட வேண்டும். இப்போதாவது...

வாயைத் திறந்தேன்.

மேலே பேச்சுக்குரல். திரும்பிப் பார்த்தேன். மெஷின் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். மறுபடி இந்தப் பக்கம் பார்த்தபோது யாரும் இல்லை. மணி நாலு பத்து.

"மீதியை யாரு பறிச்சது?" என்றார் ஒருவர். வரிசையின் மறுபாதி முழுக்க, செடிக்குச் செடி, நகத்தால் கிள்ளியிருந்தது.

இரவு ஏழரைக்கு அக்கா, பெரியம்மாவின் மகள், போனில் அழுதாள்.

"அம்மா மதியமே போயிட்டாங்கடி. நாலு மணிக்குக் குளிப்பாட்டினோம். மூணு மாசமா ஒரு இலையைத் தொடாத கை... நகத்துல பச்சைக் கறை. கழுவக் கழுவப் புதுசா வந்துச்சு. பத்து நிமிஷம். அப்புறம் தானா நின்னுடுச்சு."

அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.