நேசகுமார் எழுந்து நின்ற ஞாயிறு

திருப்பதிக்கும் திருச்சானூருக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டும் நேசகுமாருக்கு வாய் சும்மா இருக்காது. சித்தூர் மிஷன் வழி வந்த கிறிஸ்தவக் குடும்பத்துக்காரர். பிழைப்பு என்னவோ பத்மாவதி தாயாரைப் பார்க்கப் போகிறவர்களை ஏற்றி இறக்குவதுதான். ஏறியவர்கள் தமிழோ தெலுங்கோ, கோயில் வாசல் வருவதற்குள் தன் வீட்டுக் கதை முழுவதையும் சொல்லி முடித்துவிடுவார்.

அப்பேர்ப்பட்ட மனிதர் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் வெளியே விடவில்லை. தீராத களைப்பு, வயிற்றின் இடப்பக்கம் வீக்கம் என்று ஆஸ்பத்திரிக்குப் போனதில் ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. நல்லவேளை, தினமும் மாத்திரை போட்டால் அடங்கிக் கிடக்கிற ரகம். மாத்திரையை மட்டும் ஆஸ்பத்திரியில் சொன்ன தேதிக்குப் போய் வாங்கிவர வேண்டும். குரோமோசோமில் கோளாறு என்று டாக்டர் சொன்னதும் மனைவி யூனிஸுக்குக் கவலை வேறு திசையில் ஓடியது.

"குரோமோசோம்னா பரம்பரைன்னு நெனச்சிக்குவாங்க. பொண்ணு கல்யாணம் முடியற வரிக்கும் வாயத் தொறக்காதீங்க" என்றாள்.

பெண் ஈவ்லினுக்கு ஸ்ரீசிட்டியில் கம்பெனி வேலை. கூட வேலை பார்க்கும் அனில்தான் மாப்பிள்ளை. அவன் அம்மா ஜெயசீலி நாயுடுபேட்டையில் டீச்சர், கறாரான மனுஷி. அவரைப் பார்த்தாலே நேசகுமாருக்குக் கணக்குப் பாடம் ஞாபகம் வரும்.

சர்ச்சில் கல்யாண அறிவிப்பை மூன்று ஞாயிறு வாசிப்பார்கள். இரண்டு ஞாயிறு நேசகுமார் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூன்றாம் ஞாயிறு மாப்பிள்ளை வீட்டாரும் வந்திருந்தார்கள். "தடை யாருக்காவது தெரிந்தால் இப்போதே தெரிவிக்கலாம்" என்று சபைப் போதகரான ஐயர் வாசித்ததுதான் தாமதம், பெண்ணைப் பெற்றவரே எழுந்து நின்றார். யூனிஸ் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"தட இல்ல ஐயரே. ஆனா பின்னாடி தெரிஞ்சா பழி எம் பொண்ணு தலைல விழும். எனக்கு பிளட் கேன்சர். மாத்திர துன்னுக்கினு நல்லாத்தான் இருக்கறேன்."

சர்ச்சே திரும்பிப் பார்த்தது. அவர் நிறுத்தவில்லை.

"ஒன்பதாம் நம்பர் குரோமோசோம் வாலும் இருபத்திரண்டாம் நம்பர் வாலும் எடம் மாறிடுச்சாம். ஒன்பதாம் பெஞ்சு கடைசி ஆளும் இருபத்திரண்டாம் பெஞ்சு கடைசி ஆளும் மாறி ஒக்காந்த மாதிரி. நம்ம சர்ச்சுல அவ்ளோ பெஞ்சு இல்ல, இருக்குதுன்னு வெச்சிக்கங்க."

யாரோ சிரித்தார்கள். ஜெயசீலி சிரிக்கவில்லை. இருந்த இடத்திலிருந்தே கேட்டார்.

"பேரப்புள்ளைங்களுக்கு வருமா?"

"வராதும்மா. இது பொறவியிலயே வந்ததில்ல. நடுவுல எலும்புக்குள்ள ஏதோ ஒரு செல்லுல நடந்த தப்பு, அதுலேர்ந்தே பெருகிச்சி. புள்ளைங்களுக்குப் போவாதுன்னு டாக்டர்கிட்ட ரெண்டு பாஷையிலயும் கேட்டுட்டேன்."

சாயங்காலம் ஜெயசீலி அனிலோடு வீட்டுக்கு வந்தார். யூனிஸ் கொடுத்த டீயை வாங்கிக் கீழே வைத்தார்.

"கல்யாணத்தத் தள்ளி வெக்கணும்" என்றார்.

ஈவ்லின் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். எல்லாம் தன் வாயால் வந்த வினை என்று நேசகுமாருக்குத் தோன்றியது.

"மாத்திர வாங்கப் போவற நாளும் கல்யாணமும் ஒண்ணா வருதாமே? ஈவ்லின் சொன்னாளாம், அனில் இப்பத்தான் சொன்னான்" என்றார் ஜெயசீலி.

"அத வுடுங்க சம்பந்தி. ஒரு வாரம் மாத்திர இல்லன்னா ஒண்ணும் ஆவாது."

"அத டாக்டர் சொன்னாரா, நீங்களே சொல்லிக்கினு இருக்கீங்களா?"

நேசகுமார் தலையைச் சொறிந்தார்.

"மொதல்ல போய் மாத்திர வாங்கிக்கினு வாங்க. கல்யாணம் அதுக்கடுத்த வாரம். மண்டபத்துல அனில் பேசிட்டான்" என்ற ஜெயசீலி, ஆறிப்போன டீயை எடுத்தார். "பேரப்புள்ளைங்களுக்கு உங்க நோவு வராதுன்னு சொன்னீங்க, சந்தோஷம். அந்தப் புள்ளைங்களுக்குத் தாத்தா வேணாமா?"

நேசகுமார் அத்தனை பேர் முன்னாலும் வாய்விட்டு அழுதார்.