கஜேந்திரன் வண்டி இறங்கிய பக்கம்

கொழும்பிலிருந்து வந்த பஸ் சந்தியில் இறக்கிவிட்டபோது மழை தூறிக்கொண்டிருந்தது. ஜீவராணி சக்கரம் வைத்த பெட்டியை ஓரமாக நிறுத்திவிட்டு மேலே பார்த்தாள். சந்தியிலிருந்து மேல்பிரிவு லயத்து வீடுகள் வரைக்கும் தேயிலைக்கு நடுவே கொங்கிரீட் படிகள் ஏறிப்போகின்றன. படிகளின் இடது ஓரத்தில், உச்சியிலிருந்து அடிவரைக்கும், படியே இல்லாமல் ஒரு சரிவு. புதிதாக வருகிறவர்கள் அது மழைத்தண்ணீர் ஓட வைத்தது என்று நினைப்பார்கள். தண்ணீருக்குத் தனியாக வடிகான் இருக்கிறது. சரிவு அவளுடைய அண்ணன் கஜேந்திரனுக்காகப் போட்டது.

கஜேந்திரனுக்குச் சின்னப்பிள்ளையிலேயே இளம்பிள்ளை வாதம் வந்து இரண்டு காலும் சூம்பிப்போயின. கைகள் மட்டும் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவனுடைய கைகள் மாதிரி முறுக்கேறி இருக்கும். தொழிற்சாலையில் கழித்துப்போட்ட தள்ளுவண்டியின் ரப்பர் சக்கரங்களைப் பலகையில் பூட்டி, பிரேக்குக்கு லொறி டயரில் ஒரு துண்டு வைத்து, தனக்கு வேண்டிய வண்டியைத் தானே செய்துகொண்டான். அதில் ஏறி உட்கார்ந்து காலையில் சந்திக்கு இறங்குவான். அங்கே ஒரு தகரக் கொட்டகையில் குடைக்குக் கம்பி மாற்றுவது, குக்கருக்கு வாஷர் போடுவது என்று அவனுக்கு வேலை. மழை விடாத பக்கம், குடைக்குப் பஞ்சமில்லை.

அப்போது அது மண்பாதை. வண்டிச் சத்தம் கேட்டால் ஆட்கள் தேயிலைக்குள் ஒதுங்கிக்கொள்வார்கள். "எறங்குறதுக்கு எனக்கு ஒருத்தரும் வேணாம். ஏறுறதுக்குத்தான் ஊரே வேணும்" என்பான்.

மாலையில் மேலே போகிறவர்கள் யாராவது கயிற்றைப் பிடித்து இழுப்பார்கள். அவனும் இரண்டு கையிலும் கட்டையை ஊன்றித் தள்ளுவான். இழுக்கிறவருக்குக் கூலி ஒரு கதை. யார் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தார்கள், வந்தவர்கள் ஏன் சாப்பிடாமல் போனார்கள் என்று குடையோடு வந்த சேதியெல்லாம் அதில் இருக்கும். ஏற்றம் முடியும், கதை முடியாது. மிச்சத்தைக் கேட்க மறுநாளும் இழுக்க வேண்டும். வினோதா அப்படி இழுத்து இழுத்துத்தான் அவனையே கட்டிக்கொண்டாள். "இன்னைக்கு வரைக்கும் அந்தக் கதைய முடிக்கல இந்த மனுசன்" என்று பிறகு சொல்லித் திரிந்தாள்.

தூக்கிக்கொண்டு போக மட்டும் ஒருவரையும் விடமாட்டான். "தூக்குறது பொணத்த. அதுக்கு ஒரு நாள் வரும், அப்ப தூக்குங்க."

ஒரு மழைக்காலத்தில் வினோதா கொழுந்துக் கூடையோடு சேற்றில் வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டாள். தோட்டக் கமிட்டித் தலைவர் முத்துலிங்கம் மண்பாதைக்குக் கொங்கிரீட் படி கேட்டுக் கூட்டம் போட்டார். கூட்டத்தில் எல்லோரையும்விடச் சத்தமாகப் பேசியவன் கஜேந்திரன். "பொம்பளயாளுங்க விழுந்து எந்திரிச்சுத்தான் வேலைக்குப் போகணுமா?"

படி வந்தது. திறப்பு விழாவுக்குத் தோரணம் கட்டினார்கள், தேங்காய் உடைத்தார்கள். ரிப்பன் வெட்டியதும் சனம் முழுக்கப் புதுப் படியில் இறங்கிச் சந்திக் கடையில் பிளேன்டீ குடித்தது. ஜீவராணி தற்செயலாகத் திரும்பி மேலே பார்த்தாள். உச்சிப் படியின் ஓரத்தில் கஜேந்திரன் வண்டியில் உட்கார்ந்து கை தட்டிக்கொண்டிருந்தான்.

"மாமா," என்று முத்துலிங்கத்தைக் கூப்பிட்டாள். "அண்ணன் எப்புடி எறங்கும்?"

முத்துலிங்கம் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே வைத்துவிட்டார்.

சந்திக் கொட்டகை பூட்டிக் கிடந்தது. தொழிற்சாலையைச் சுற்றிப் போகிற கார் ரோட்டில் ஆட்டோ வைத்துக்கொள்ளலாமே என்றார்கள். "நான் என்னா கொழுந்து மூட்டையா, ஏத்தி எறக்க?" என்று சிரித்தான். லயத்து வாசலில் உட்கார்ந்து குடை தைத்தான். ஆனால் இறங்குகிற நேரம் வந்தால் அவன் கை தானாகப் பிரேக்குக்குப் போவதை ஜீவராணி பார்த்தாள். வினோதா படியில் கால் வைக்கவே இல்லை. முறிந்து ஒட்டிய கையோடு, படிக்குப் பக்கத்துச் சேற்றிலேயே வழுக்கி வழுக்கி இறங்கினாள். அதைப் பார்த்த பிறகு மற்றவர்களுக்கும் படியில் நடக்கக் கூசியது.

முத்துலிங்கம் வந்தார். "ஏன்டா, கூட்டத்துலயே சொல்லியிருக்கலாமுல்ல?"

"சொன்னா படி வந்துருக்காது தலைவரே. கஜாவுக்கு ஆகாதுன்னு விட்டுருப்பீங்க. அவ கை இன்னொருக்கா ஒடிஞ்சிருக்கும்."

"அப்ப நீ மேலயே குந்திக்கிட்டு இருப்பியா?"

"இருந்து ஒங்கள கேரம்ல செயிச்சுக்கிட்டு இருப்பேன்."

முத்துலிங்கம் அங்கிருந்தே லயத்துக் கதவுகளை ஒவ்வொன்றாகத் தட்டத் தொடங்கினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, அடுப்புப் பூச வைத்திருந்த சிமெந்து, பின்சுவர் பூசி மிஞ்சியது என்று வீட்டுக்கு வீடு கொண்டுவந்து கொட்டினார்கள். பெண்கள் கூடையில் மணல் சுமந்தார்கள். வண்டியையே படியில் வைத்து அகலம் பார்த்து, இடது ஓரத்தைக் கல் போட்டு நிரப்பிச் சரித்தார்கள். முத்துலிங்கத்துக்கு மேசன் வேலை தெரியாது. யார் சொல்லியும் கரண்டியைக் கொடுக்கவில்லை. நடுவில் ஓரிடத்தில் அவர் பூசியது ஆமை முதுகு மாதிரி புடைத்துக்கொண்டது.

சிமெந்து இறுகியதும் வினோதா சந்தியில் போய் நின்றாள்.

"எறங்கவா?" மேலிருந்து குரல் வந்தது.

"எறங்குங்க! ஒங்கள யாரு புடிச்சா?"

வண்டி சத்தமே இல்லாமல் வந்தது. நடுவில் புடைப்பில் ஏறி எகிறியது. "தலைவரே, நீங்க நாசமாப் போக!" என்று கஜேந்திரன் அந்தரத்திலிருந்து கத்தினான். கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த மலை முழுக்கச் சிரித்தது. அன்றிலிருந்து தினமும் காலையில் அந்த இடத்தில் அதே திட்டு. அதைக் கேட்டுத்தான் லயத்தில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவார்கள்.

போன மாசியில் கஜேந்திரனைத் தூக்கினார்கள்.

ஜீவராணி பெட்டியை அந்தச் சரிவில் இழுத்துக்கொண்டு ஏறினாள். பாதி வழியில் ஒரு மேசன் உடைந்த படிகளைப் பூசிக்கொண்டிருந்தான். குடை பிடித்து முத்துலிங்கம் பக்கத்தில் நின்றார். இப்போது தலைவர் இல்லை, வெறும் கிழவர்.

"ஐயா, இந்தப் புடைப்பையும் தட்டிச் சமமாக்கிருவோமா?"

"அதுல கை வெச்ச, கரண்டியப் புடுங்கி எறிஞ்சிருவேன்."

"ஆளுங்க தடுக்குவாங்களே?"

"தடுக்குனா என்னயத்தான திட்டுவாங்க. திட்டட்டும். கேட்டு நாளாச்சு."

அவர் ஜீவராணியைப் பார்த்தார். இறங்கி வந்து பெட்டியின் பிடியை வாங்கிக்கொண்டார். "குடு புள்ள, நான் இழுக்குறேன். நீ கொழும்புக் கதையச் சொல்லு."

பெட்டி புடைப்பில் தடக்கென்று எகிறியது.

"தலைவரே, நீங்க நாசமாப் போக" என்றாள் ஜீவராணி.

முத்துலிங்கம் திரும்பாமல் குடையைத் தாழ்த்திக்கொண்டு இழுத்தார்.