புள்ளியக்காவின் இடது காது

எங்கள் தடுப்பூசி அறைக்கு வரும் தாய்மார்களில் பத்துக்கு ஒருவராவது கேட்டுவிடுவார்: "ஏன் சிஸ்டர், நோய் அதுவா வந்து அதுவா போனா உடம்புக்கு இன்னும் நல்லதுதானே? எதுக்கு ஊசி?" கேட்பதில் தப்பில்லை. ஆனாலும் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். யார் மேல் என்றால், ஒன்பது வயதில் ஹாஸ்டலில் இருந்தாளே ஒருத்தி, அந்த என் மேல். அது ஏன் என்று சொல்ல வேண்டுமானால் புள்ளியக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அந்த ஹாஸ்டலில் முப்பத்திரண்டு இரும்புக் கட்டில்கள், ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு தகரப்பெட்டி. புள்ளியக்கா எங்களைப் பார்த்துக்கொள்ளும் ஆயா. ஆயா என்று கூப்பிட்டால் மட்டும் பொல்லாத கோபம் வரும். அப்போது அவளுக்கு இருபத்தைந்து வயதுதான். சின்னம்மை வந்து போனதில் நெற்றியில் ஒன்றும் கன்னத்தில் இரண்டுமாகக் குழிகள். அந்தப் பெயரை அவளே தனக்கு வைத்துக்கொண்டாள். "நீங்க முதுகுக்குப் பின்னால வைக்கறதுக்கு முன்னால நானே வெச்சுக்கறேன்" என்பாள். எங்கள் உடுப்புகளில் சிவப்பு நூலால் எண் தைத்திருக்கும். அவளுக்கு அந்த எண்தான் எங்கள் பெயர். நான் பதினேழு. "பதினேழு, காது பின்னாடி தேய்ச்சியா?" என்ற குரல் இன்றைக்கும் குழாயைத் திறந்தால் கேட்கிறது.

அவளை வேலைக்கு எடுக்கும்போது வார்டன் கேட்டது ஒரே கேள்விதான்: "உனக்கு என்னென்ன வந்து போயிருக்கு?" காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைகளோடு இருக்க வேண்டியவளுக்கே காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பது? சின்னம்மைக்கு முகமே சாட்சி. தட்டம்மையும் வந்திருந்தது. "பொன்னுக்கு வீங்கி?" என்று வார்டன் கேட்க, "வந்து போச்சு மேடம்" என்று கண் கொட்டாமல் சொன்னாள். அது அவளுக்கு வரவே இல்லை. அப்பா அம்மா இல்லாத வீட்டில் பத்தாவது படிக்கும் தங்கையின் படிப்பு அவள் தலையில் இருந்தது. அந்த வேலை போனால் படிப்பும் போச்சு.

முழுப் பரீட்சை லீவு முடிந்து நான் திரும்பிய நாள். வீட்டில் என் மாமா மகன் தாடை வீங்கிப் படுத்திருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன். பஸ்ஸிலேயே எனக்கும் காதுக்குக் கீழே வலித்தது. சொன்னால் பச்சைக் கதவு போட்ட நோயறையில் தனியாகப் போட்டுவிடுவார்கள். லீவு முடிந்து வந்த முதல் நாள், அம்மா ஞாபகம் வேறு. வாயைத் திறந்தால்தானே வலிக்கும் என்று திறக்காமலே இருந்தேன். அன்று இரவு புள்ளியக்காவின் பாயில் போய் ஒண்டிக்கொண்டேன். "என்ன பதினேழு, அம்மா நெனப்பா?" என்று கேட்டு, போர்வையில் பாதியைத் தந்தாள்.

காலையில் என் முகம் ஒரு பக்கம் பூசணிக்காய். பள்ளி ஆரம்பித்த மறுநாளே இப்படியா என்று வார்டன் தலையில் கை வைத்தார். "யார் இவகூட இருக்கறது?" புள்ளியக்கா முன்னால் வந்தாள். "எனக்குத்தான் வந்து போச்சே மேடம்." பச்சைக் கதவுக்குப் பின்னால் ஒரு வாரம் என்னோடு இருந்தாள். தாடையிலிருந்து உச்சிக்குத் துணியைச் சுற்றி முயல் காதுபோல முடிச்சுப் போடுவாள். நான் சிரித்தால் வலிக்கும் என்று தெரிந்தும் சிரிக்க வைப்பாள். நோயாகக் கிடந்த நாட்களில் நான் மிகவும் சந்தோஷமாக இருந்தது அந்த வாரம்தான். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நிஜம்.

நான் எழுந்து பத்து நாள்கூட ஆகியிருக்காது. பதினோரு பெண்களுக்கு வரிசையாக வீங்கியது. பன்னிரண்டாவது ஆள் புள்ளியக்கா. பொய் கன்னத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. வார்டன் நோயறை வாசலில் நின்று, மூக்கில் கைக்குட்டையோடு, "வந்து போச்சுன்னு சொன்னியே?" என்று கேட்டார். நாங்கள் எல்லாரும் அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தோம். புள்ளியக்கா வீங்கிய வாயால் சொன்னாள்: "இப்ப வந்துருச்சு மேடம். ரெண்டு வாரத்துல போயிடும். அப்புறம் நான் சொன்னது உண்மையாயிடும்."

வார்டன் சிரித்ததை அன்றுதான் முதல்முறை பார்த்தோம். வேலை தப்பியது.

பெரியவர்களுக்கு வந்தால் பொல்லாதது. காய்ச்சலில் அவள் துவண்டு கிடந்தாள். உள்ளே போக இப்போது என்னிடம் தகுதி இருந்தது: எனக்கு வந்து போய்விட்டது! வெந்நீர் கொண்டுபோகும் வேலை என்னுடையது. ஒரு மத்தியானம் கட்டிலின் இடப்பக்கம் உட்கார்ந்து, அவள் காதோடு வாய் வைத்துக் கிசுகிசுப்பாகச் சொல்லிவிட்டேன். "அக்கா, அன்னைக்கு பஸ்லயே எனக்கு வலிச்சுது. தெரிஞ்சேதான் உங்ககிட்ட வந்து படுத்தேன். என்னாலதான் உங்களுக்கு வந்துச்சு." அழுகை வேறு. அவள் என்னைப் பார்த்துத் தலையாட்டினாள். "சரி சரி" என்றாள். தலையணைக்கு அடியிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கையில் வைத்தாள். மன்னித்துவிட்டாள் என்று அந்த பிஸ்கட்டை நான் மூன்று நாள் தின்னாமல் பெட்டியில் வைத்திருந்தேன்.

அதன் பிறகு அவளிடம் ஒரு புதுப் பழக்கம். யார் கையைப் பிடித்தாலும் வலப்பக்கம் இழுத்துக்கொள்வாள். "இந்தப் பக்கம் வா, இந்தப் பக்கம் வா." அதை நாங்கள் ஸ்டைல் என்று நினைத்து நடித்துக் காட்டிச் சிரித்தோம். மறுவருடம் ஒரு டாக்டரம்மா ஐஸ் பெட்டியோடு வந்து, பொன்னுக்கு வீங்கி வராதவர்களுக்கெல்லாம் தடுப்பூசி போட்டார். ஓடி ஒளிந்தவளையெல்லாம் தேடிப் பிடித்துத் தூக்கி வந்தவள் புள்ளியக்காதான். அந்த மழைக்காலத்தில் வெளியிலிருந்து பள்ளிக்கு வரும் பிள்ளைகள் பலருக்குக் கன்னம் வீங்கியது. எங்கள் ஹாலில் ஒருத்திக்கும் இல்லை. வீங்கி எழுந்தவளுக்கும் வரவில்லை, ஊசி போட்டவளுக்கும் வரவில்லை.

பிறகு நான் நர்சிங் படிக்கப் போனேன். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பார்களே, நோய் கண்ட உடம்பு அப்படித்தான். ரத்தத்தில் சில அணுக்கள் அந்தக் கிருமியை நினைவு வைத்துக்கொள்கின்றன. மறுபடி வந்தால் வாசலிலேயே மடக்கிவிடும். ஒரு கிருமியின் நினைவு அந்தக் கிருமிக்கு மட்டும்தான். தட்டம்மையைத் தெரிந்த உடம்புக்குப் பொன்னுக்கு வீங்கியைத் தெரியாது. ஊசி போட்ட உடம்பு, சூடு படாமலே அடுப்பைத் தெரிந்துகொண்ட பூனை. இந்த நோய்க்கு ஊசியின் நினைவு நாளாக ஆகக் கொஞ்சம் மங்கலாம், அதற்குத்தான் இரண்டாவது டோஸ். நோய் தரும் நினைவு பெரும்பாலும் கெட்டிதான், மறுக்கவில்லை. அதற்கு விலையாக நோய் என்ன வாங்கிக்கொள்ளும் என்பது பாடப்புத்தகத்தில் அடுத்த வரியில் இருந்தது: சிலருக்கு ஒரு காது நிரந்தரமாகக் கேட்காமல் போகலாம்.

இந்தப் பக்கம் வா, இந்தப் பக்கம் வா. புத்தகத்தை மூடிவிட்டேன். நான் சொன்னது அவளுடைய இடது காதில். வேலை போய்விடும் என்று பயந்து, காது கேட்காததையும் அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஹாஸ்டலுக்குத் தேடிப் போனபோது கட்டடமே கைமாறியிருந்தது. ஊசிக்கு நாள் தவறாமல் வா என்று ஊரையே விரட்டுகிற நான், சொல்லியும் போய்ச் சேராத ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு இருபது வருடம் ஓட்டினேன்.

போன வருடம், கூட்டம் நெரியும் ஒரு புதன்கிழமை. தலை நரைத்த ஒருத்தி ஒரு வயதுப் பெண் குழந்தையோடு உட்கார்ந்தாள். நான் ஊசியை எடுத்ததும் குழந்தையைச் சட்டென்று இடது தோளுக்கு மாற்றினாள். "அழு கண்ணு, இந்தப் பக்கம் நல்லா அழு. எனக்கு ஒண்ணும் கேக்காது." நெற்றியில் ஒன்று, கன்னத்தில் இரண்டு. எப்படி ஊசி போட்டு முடித்தேன் என்று தெரியவில்லை. அட்டையைத் தேதி எழுதாமலே மேசையில் வைத்தேன். வலப்பக்கம் போய் நின்று, "பதினேழு" என்றேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "காது பின்னாடி தேய்ச்சியா?" என்றாள். இரண்டு பேரும் அழுதோம். தங்கையின் பேத்தியாம் குழந்தை. தங்கை இப்போது தலைமை ஆசிரியையாம். வரிசை முணுமுணுத்தது. நான் விடவில்லை. குனிந்து, வலது காதில், முப்பத்து மூன்று வருடத்துக்கு முன்னால் சொன்னதை அப்படியே சொன்னேன்.

புள்ளியக்காவின் முகம் மாறியது. "பஸ் ஹாரன் எந்தப் பக்கத்துலேர்ந்து வருதுன்னு இன்னைக்கும் எனக்குத் தெரியாதுடி" என்றாள். "ரோடு தாண்ட பயந்து பயந்தே வயசாயிடுச்சு. அடிப்பாவி, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" நான் குனிந்து அட்டையில் தேதியை எழுதினேன். அட்டையை வாங்கிக்கொண்டு அவளே, "நானும் சொல்லலியே. வந்து போச்சுன்னுதானே சொன்னேன்" என்றாள்.

"அன்னைக்கு நீங்க பிஸ்கட் குடுத்தீங்களே அக்கா. மன்னிச்சுட்டீங்கன்னு நெனச்சேன்."

"நீ உதட்டை உதட்டை அசைச்சு அழுதே. பசிக்குதுன்னு குடுத்தேன்." குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். "மன்னிப்பெல்லாம் அப்புறம். மொதல்ல அந்த பிஸ்கட்டைத் திருப்பிக் குடு."

இரண்டாவது டோஸுக்கு ஒருநாள் பிசகாமல் வந்தாள். நான் ஒரு பாக்கெட் வாங்கி வைத்திருந்தேன். குழந்தைக்கு ஒன்று கொடுத்துவிட்டு மீதியைத் தானே தின்ன ஆரம்பித்தாள். எனக்கு ஒன்றுகூட நீட்டவில்லை. பாதிப் பாக்கெட் தீர்ந்த பிறகு, தன் வலப்பக்கத்து நாற்காலியைத் தட்டிக் காட்டினாள்.

"இந்தப் பக்கம் வா பதினேழு. இன்னும் ஏதாவது இருந்தா இப்பவே சொல்லிடு."