பொட்டலத்தில் வந்த ரோஸ்ட்டு

சூடான தோசையின் மேல் வாடிப்போன வாழை இலைக்கு ஒரு வாசம் உண்டு. பச்சையாகவும் இல்லாமல் வெந்ததாகவும் இல்லாமல், கொஞ்சம் புளிப்பும் கொஞ்சம் நெய்யும் கலந்து, மேலே சுற்றிய செய்தித்தாளின் மை வாசத்தையும் சேர்த்துக்கொண்டு, வாழைநாரை அவிழ்த்ததும் குப்பென்று முகத்தில் ஏறுமே, அந்த வாசம். எழுபதுகளின் கடைசியில், சங்கரன்கோவிலில் எங்கள் தெருப் பெண்களிடம் ஹோட்டல் எப்படி இருக்கும் என்று கேட்டிருந்தால், அந்த வாசத்தைத்தான் சொல்லியிருப்பார்கள், ஏனென்றால் ஹோட்டலுக்கு உள்ளே போய் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் அவர்களில் யாரும் இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் வீடு தேடி வரும் "பொட்டலம்"தான் அவர்களுக்கு ஹோட்டல்.

என் அப்பா ஒரு விசைத்தறிக் கொட்டகையில் தறி ஓட்டினார். அம்மா கோமதி வீட்டில் இருந்தபடியே தார் சுற்றுவாள், அதாவது தறியின் நாடாவுக்குள் வைக்கிற குச்சிகளில் ராட்டையைக் கொண்டு நூல் சுற்றித் தருவாள். சனிக்கிழமை வேலை முடிந்ததும் அப்பாவும் அவருடைய கூட்டாளிகள் இரண்டு பேரும் குளித்து, வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு, ரத வீதியில் இருந்த "கிளப்புக் கடை" என்கிற ஹோட்டலுக்குப் போவார்கள். இன்றைக்கு எங்கள் ஊர்ப் பேரைச் சொன்னால் எல்லோரும் பிரியாணியைப் பற்றிப் பேசுகிறார்கள், ஆனால் எங்கள் வீட்டில் அன்று ரோஸ்ட்டுக்கு மிஞ்சி ஒன்றும் கிடையாது. சின்னப் பெண் என்பதால் நானும் அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு போவேன்.

கடை வாசலிலேயே பெரிய தோசைக்கல் கிடக்கும். மாஸ்டர் அதில் தண்ணீர் தெளித்து, விளக்குமாற்றால் ஒரு வீசு வீசி, மாவை ஊற்றி வட்டமாக இழுப்பதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்போம். பொன் நிறத்தில் சுருட்டிய ரோஸ்ட்டு கல்லிலிருந்து நேராக இலைக்கு வரும், விரலால் தொட்டால் சுடும், ஒடித்தால் அப்பளம் மாதிரி சத்தம் கேட்கும். "கல்லுக்கும் இலைக்கும் நடுவுல பேச்சே இருக்கப்படாதுவே" என்பார் அப்பா கூட்டாளிகளிடம். அப்படி வக்கணையாகச் சாப்பிட்ட பிறகுதான் அம்மாவுக்குப் பொட்டலம் கட்டச் சொல்வார்.

வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் அந்த ரோஸ்ட்டு நனைந்த துணிபோல ஆகியிருக்கும். சட்னி ஒரு பக்கம் ஊறி, மடிப்பெல்லாம் ஒட்டிக்கொண்டு, பிய்த்தால் ரப்பராக இழுக்கும். அம்மா ஒரு நாளும் குறை சொன்னதில்லை. அதைத் தின்றுகொண்டே என்னிடம், "இன்னைக்கு எப்படிட்டி இருந்துச்சு? முறுகலா இருந்துச்சா?" என்று கேட்பாள். நானும் சத்தம் முதற்கொண்டு அபிநயம் பிடித்துச் சொல்லுவேன். ஆறிப்போனதைத் தின்பவளிடம் சூடானதைப் பற்றிக் கதை சொல்கிறோமே என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை, இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அம்மா கடைக்கு வரக்கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை. ஆனால் உள்ளூர்ப் பெண் ஒருத்தி கிளப்புக் கடையில் உட்கார்ந்து சாப்பிட்டால், மறுநாள் தெருவே கூடி, "ஏன், வீட்டுல அடுப்பு எரியலையா?" என்று கேட்கும். அந்தக் கேள்வி புருஷன் தலையில் போய் விழும். இதில் வேடிக்கை என்னவென்றால், ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வருகிற வெளியூர்ப் பெண்கள் பிள்ளைகுட்டிகளோடு அதே கடையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள், அவர்களை யாரும் ஒரு சொல் சொல்ல மாட்டார்கள். அவர்களுடைய அடுப்பு அவர்களுடைய ஊரில் அல்லவா இருக்கிறது!

நான் ஏழாம் வகுப்புக்குப் போன வருஷம், ஒரு சனிக்கிழமை வழக்கம்போலக் கிளம்பி நின்றபோது அப்பா, "நீ வளந்துட்ட. இனிமே கிளப்புக்கெல்லாம் வரப்படாது, நான் வாங்கிட்டு வாரேன்" என்றார். நான் ஓவென்று அழுதேன். உள்ளே அம்மாவின் ராட்டை நின்றது.

"என் காலந்தான் பொட்டலத்துலயே போச்சு. அவளுக்கும் பொட்டலந்தானா?" என்றாள் அம்மா.

"வீட்டுல ராணி கணக்கா இருந்து தின்னுங்களேன், யாரு வேண்டாங்கா?" என்று சிரித்துவிட்டு அப்பா போய்விட்டார். அம்மா பதில் பேசவில்லை, ராட்டை மறுபடி சுற்ற ஆரம்பித்தது. அம்மா பதில் பேசாவிட்டால் அவள் விட்டுக்கொடுத்துவிட்டாள் என்று அர்த்தம் இல்லை. அது எனக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியாது.

அந்த ஆடித்தபசுக்கே அம்மா துணிந்துவிட்டாள். கூட்டுச் சேர்ந்தவள் பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாள். அவளும் தார் சுற்றுகிறவள், அம்மாவுக்கு உயிர்ச் சிநேகிதி, எனக்கு அத்தை முறை. திட்டம் அத்தையுடையது. வெளியூர்க்காரர்களுக்குத்தானே சலுகை, நாமும் வெளியூர்க்காரர்களாகிவிட்டால் போயிற்று! ஆளுக்கொரு மஞ்சள் பையில் பழைய சேலையைத் திணித்துக்கொண்டு, கையில் ஒரு தண்ணீர்ச் செம்போடு, பஸ்ஸில் வந்து இறங்கிய களைப்பை முகத்தில் வரவழைத்துக்கொண்டு புறப்பட்டோம்.

"யாராவது கேட்டா கரிவலம்னு சொல்லணும், என்னட்டி?" என்று அத்தை எனக்குப் பாடம் சொன்னாள்.

"கரிவலம் ஒரு தூரமா? ஏறுனா இறங்கணும். குருவிகுளம்னு சொல்லு" என்று அம்மா திருத்தினாள்.

கூட்டத்தில் இடிபட்டு, கடை வாசலில் நாங்கள் கால் வைத்ததுதான் தாமதம், கல்லாவில் இருந்த முதலாளி எழுந்துவிட்டார். "வாங்க தங்கச்சி. என்ன, அண்ணாச்சிக்கு மேலுக்குச் சொகமில்லையா? ஏலே, மூணு ரோஸ்ட்டு கட்டு!" அவருடைய வீடு எங்களுக்கு அடுத்த தெருவில் இருக்கிறது என்பதையும், அவர் தினமும் எங்கள் வாசல் வழியாகத்தான் கடைக்குப் போகிறார் என்பதையும், இத்தனை திட்டம் போட்டவர்கள் இரண்டு பேரும் மறந்தே போயிருந்தார்கள். மஞ்சள் பையோடு மூன்று பொட்டலத்தையும் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தோம். அத்தைக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அம்மா சிரிக்கவே இல்லை.

"ஒளிஞ்சு போனோம், பொதிஞ்சு குடுத்து அனுப்பிட்டாக. இனி ஒளியப்படாது பேச்சி" என்றாள்.

அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை, அப்பா கடைக்குப் போன அரை மணி நேரத்துக்கெல்லாம் அம்மா குளித்து, இருந்ததில் நல்ல சேலையைக் கட்டி, பூ வைத்துக்கொண்டாள். எனக்கும் சடை பின்னிவிட்டாள். அத்தையையும் கூட்டிக்கொண்டு தெரு நடுவிலே நடந்தாள். "எங்க கோமதி, கோயிலுக்கா?" என்று ஒரு வீட்டு வாசலிலிருந்து குரல் வந்தது.

"இல்ல மதினி, கிளப்புக்கு. ரோஸ்ட்டு திங்க" என்றாள் அம்மா, தெருக்கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி. அத்தையின் நடை தளர்ந்தது. அம்மா அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள், கடை வரும்வரை விடவில்லை.

முதலாளி பதறிப்போய், பின்பக்கம் பலகை வைத்து மறைத்திருந்த அறையைக் காட்டினார். வெங்காய மூட்டை போட்டுவைக்கிற இடம் அது, தப்பித்தவறி யாராவது பெண்கள் வந்தால் அங்கேதான் உட்கார வைப்பார்கள்.

"அங்கன இருந்தா கல்லு தெரியாதே அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு, அம்மா வாசல் ஓரத்து முதல் மேசையில் உட்கார்ந்தாள். இரண்டு மேசை தள்ளி அப்பா. வாய்க்குக் கொண்டுபோன கை அப்படியே நின்றது. அவருடைய கூட்டாளிகள் இரண்டு பேரும் இலையில் ஏதோ எழுதியிருப்பதுபோலத் தலையைக் குனிந்துகொண்டார்கள். எனக்கு எழுந்து ஓடிவிடலாமா என்று இருந்தது, ஆனால் அம்மாவை விட்டுவிட்டு ஓடவும் மனம் வரவில்லை.

முதல் ரோஸ்ட்டுகள் மூன்றும் ஒன்றாக வந்தன. அப்போது நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வரும். தன் இலைக்கு வந்ததை அம்மா கை போன போக்கில் பிய்த்து என் இலையில் ஒரு பங்கு வைத்தாள், அத்தை இலையில் ஒரு பங்கு வைத்தாள். அத்தையும் தன்னுடையதைப் பிய்த்து அம்மாவுக்கு வைத்தாள், எனக்கு வைத்தாள். "நீ தின்னு", "இல்ல, நீ தின்னு" என்று இரண்டு பேரும் மாறி மாறிப் பங்கு வைத்து முடிப்பதற்குள், மூன்று இலையிலும் துண்டு துண்டாகக் கிடந்த ரோஸ்ட்டு ஆறித் தொய்ந்துபோனது. இத்தனை வருஷம் ஆசைப்பட்டு, இத்தனை பேர் கண்ணுக்கு முன்னால் வந்து உட்கார்ந்து, கடைசியில் அதே ஆறிய தோசை.

அம்மா அதை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு தலையை நிமிர்த்தி, "தம்பி, இன்னும் மூணு கொண்டாங்க, ஒண்ணு ஒண்ணா" என்று சப்ளையரிடம் உரக்கச் சொன்னாள். எங்கள் பக்கம் திரும்பி, "இது என் இலை. யாரும் எனக்கு வைக்கவும் வேண்டாம், நான் யாருக்கும் பிச்சுக் குடுக்கவும் மாட்டேன். அவங்கவங்க இலையில உள்ளத அவங்கவங்க தின்னுங்க" என்றாள்.

அம்மாவின் இலைக்குத்தான் முதலில் வந்தது. தொட்டாள், சூடு தாங்காமல் விரலை உதறினாள், மறுபடியும் தொட்டு ஒடித்தாள். அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. கண்ணில் நீர் முட்ட, ஊதி ஊதி, யாரையும் நிமிர்ந்து பார்க்காமல், கடைசித் துணுக்கு வரைக்கும் தின்று முடித்தாள். அம்மா ஒரு பண்டத்தைப் பங்கு வைக்காமல், முழுசாகத் தனக்கென்று சாப்பிட்டதை நான் அதுவரை பார்த்ததே இல்லை. எனக்கு அவளை அப்படியே கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

இதற்கிடையில் சப்ளையர் வழக்கம்போலப் பொட்டலத்தைக் கட்டி அப்பாவின் கையில் கொடுத்துவிட்டார். யாருக்காக அது கட்டப்பட்டதோ அவள் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்க, அப்பா பொட்டலமும் கையுமாக ஒரு நிமிஷம் நின்றார். பிறகு எங்கள் மேசையைத் தாண்டி வெளியே போனார்.

திரும்பி வரும்போது அத்தைக்குப் பயம் பிடித்துக்கொண்டது. "மதினி, அண்ணன் கோவத்துல அடிச்சுட்டாகன்னா?"

"அடிச்சா அடிக்கட்டும். தின்னது தின்னதுதான்" என்றாள் அம்மா.

வீட்டில் அப்பா தரையில் உட்கார்ந்திருந்தார். முன்னால் பொட்டலம் விரிந்து கிடந்தது. தொய்ந்த ரோஸ்ட்டில் பாதியைத் தின்றிருந்தார், மீதி கையில் இருந்தது. அத்தனை வருஷமும் வாங்கிக்கொண்டு வந்தாரே தவிர, அந்தப் பொட்டலத்திலிருந்து ஒரு வாய் அவர் தின்றதில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"கோமதி, இதையா இத்தன வருசமும் தின்னுக்கிட்டு இருந்த?" என்று கேட்டார்.

அம்மா வாசலிலேயே நின்றாள்.

"நல்லா இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லப்படாதா?"

"நீங்க ஆசையா வாங்கிட்டு வருவீக. சொன்னா அதுவும் நின்னுருமே" என்றாள் அம்மா.

கையில் இருந்ததை அப்பா கீழே வைக்கவில்லை. அதை முழுக்கத் தின்றுவிட்டுத்தான் எழுந்து கை கழுவினார். அடுத்த சனிக்கிழமை அவரே, "கிளம்புங்க" என்றார்.

தெரு சும்மா இருக்கவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல், பார்க்கிற இடத்திலெல்லாம் அடுப்பைப் பற்றி விசாரித்தார்கள். "எரியுது மதினி, இன்னைக்கு மட்டும் அதுக்கு லீவு" என்று அம்மா சொல்லிவிட்டு நடப்பாள். அப்பாவின் கூட்டாளிகள் கேலி பேசிப் பார்த்தார்கள், அப்புறம் அவர்களில் ஒருவர் தன் மனைவியை அழைத்துவந்தார். கடையில் அப்பாவுக்கு ஒரு புதுப் பழக்கம் வந்தது. முதல் ரோஸ்ட்டை அம்மாவின் இலைக்குச் சொல்லிவிட்டு எதிரே உட்கார்ந்திருப்பார். அவள் ஒரு வாய் வைத்த பிறகுதான் தனக்குச் சொல்வார். கடைசிவரைக்கும் அதை அவர் மாற்றிக்கொள்ளவில்லை.

அந்தக் கிளப்புக் கடை இன்று இல்லை, அந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். இப்போதைய ஹோட்டல்களில் கல் உள்ளே அடுப்படிக்குப் போய்விட்டது, மாஸ்டரைக் கண்ணால் பார்க்க முடியாது. பலகை மறைப்பும் போயிற்று, அடுப்பைப் பற்றிய கேள்வியும் போயிற்று. அவை போனதற்காக நான் வருத்தப்படப்போவதில்லை. கல்லூரிப் பெண்கள் கூட்டமாக வந்து சிரித்துப் பேசிச் சாப்பிட்டுப் போவதைப் பார்க்கும்போது, எனக்கு வயிறு நிறைந்துவிடுகிறது. வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்க மோட்டார் பைக்குகள் அலைகின்றன, என் மகன் அதில்தான் வரவழைக்கிறான். அம்மா மட்டும் சம்மதிப்பதில்லை. எண்பதைத் தொட்ட வயதில், முழங்கால் வலியோடு, என் தோளைப் பிடித்துக்கொண்டு படியேறிக் கடைக்குள் வந்து உட்காருகிறாள். ரோஸ்ட்டு வந்ததும் எதிர் நாற்காலியை ஒரு தரம் நிமிர்ந்து பார்க்கிறாள். அப்பா போய் ஆறு வருஷமாகிறது. பார்த்துவிட்டு ஒடித்து வாயில் வைக்கிறாள், ஆற விடுவதில்லை.