யாரும் இறக்காத கல்யாணம்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. கல்யாணப் பட்டு எடுக்கக் காஞ்சிபுரம் வருகிற குடும்பத்தைக் கடை வாசலிலிருந்தே படம் பிடித்து, அதையும் கல்யாண வீடியோவில் சேர்க்கலாம் என்று முதலில் யோசித்தவன் நான்தான். இன்றைக்கு எல்லோரும் செய்கிறார்கள். கேட்டால் வேறு யார் பெயரையோ சொல்வார்கள். சொல்லட்டும்.

இங்கே எடுத்த வீடியோவை இணையத்தில் ஏற்றி வெளியூரில் எடிட்டிங் செய்யவைத்ததும் இந்த ஊரில் நான்தான் முதல். ஆனால் அதை ஆசைப்பட்டுச் செய்யவில்லை.

என் மகன்தான் எனக்கு எடிட்டர். அவன் வெட்டினால் நாலு மணி நேரக் கல்யாணம் அலுக்காமல் ஓடும். அவன் வேறு சாதிப் பெண்ணைக் கட்டிக்கொண்டு மாலையோடு வாசலில் வந்து நின்றான். உள்ளே வராதே என்றேன். வரவில்லை. பெங்களூரில் ஏதோ கம்பெனியில் எடிட்டிங் வேலைக்குச் சேர்ந்துவிட்டான் என்று பிறகு தெரிந்தது.

அதன்பின் மூன்று எடிட்டர்களை வைத்துப் பார்த்தேன். சின்ன காஞ்சிபுரத்து வாத்தியார் ஒருவர் தன் மகள் கல்யாணக் கேசட்டோடு திரும்பி வந்தார். "என்னப்பா இது, தாலி கட்டற நேரத்துல மாப்பிள்ளை மூஞ்சி மேல சேப்பா ஒரு இதயம் பறந்துண்டிருக்கு?" என்று கேட்டார். கேசட்டைத் திரும்ப வாங்கி வைத்துக்கொண்டேன்.

என் மனைவி எனக்குத் தெரியாமல் மகனுக்குப் போன் போட்டாள். அவன் சொல்லி அனுப்பியது இதுதான்: "நெட்ல ஏத்தச் சொல்லு, வெட்டித் தரேன். அவரு எங்கிட்ட பேச வேணாம், நானும் பேசல."

வழி செய்து தந்தவள் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்த என் மகள். இணையத்தில் மாத வாடகைக்கு இடம் தருகிற வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றில் கணக்குத் திறந்தாள். "பீரோ மாதிரிதான்பா. நம்மகிட்ட ஒரு சாவி, அண்ணங்கிட்ட ஒரு சாவி. நீ வச்சா அவன் எடுத்துப்பான், அவன் வச்சா நீ எடுத்துக்கோ."

ஒரே மாதத்தில் கற்றுக்கொண்டேன். டேப்பில் இருப்பதைக் கம்ப்யூட்டரில் இறக்கி, சுருக்கி, துண்டு துண்டாக்கி ஏற்ற வேண்டும். சுருக்கினால் பட்டுச் சரிகை எல்லாம் கட்டம் கட்டமாக உடைந்து தெரியும். பரவாயில்லை, அந்த நகலை வைத்து எங்கே வெட்டுவது, எதை எதோடு சேர்ப்பது என்று மகன் முடிவு செய்வான். அந்த முடிவுகள் மட்டும் ஒரு சின்னக் கோப்பாகத் திரும்பி வரும். அதைத் திறந்தால் என் கம்ப்யூட்டரில் இருக்கும் முழுப் படம் அவன் சொன்னபடி வந்து நிற்கும். நடுவில் கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து ஏற்ற வேண்டும். அந்தக் காலத்தில் கரண்ட் போகாத நாள் ஏது?

ஒவ்வொரு கோப்பின் பக்கத்திலும் எத்தனை முறை இறக்கப்பட்டது என்று ஒரு எண் இருக்கும். சைபர் ஒன்றாக மாறினால் அவன் எடுத்துக்கொண்டான் என்று பொருள். காலையில் காபி கொண்டுவரும்போதே மனைவி கேட்பாள்.

"எடுத்தானா?"

"எடுத்தான்."

அவ்வளவுதான். அவன் நன்றாக இருக்கிறான் என்று அவள் எடுத்துக்கொள்வாள். இப்படியே சில வருஷங்கள் போயின. நானும் அவனும் ஒரு வார்த்தை பேசவில்லை, வேலை மட்டும் பிசகில்லாமல் நடந்தது. என்றைக்காவது ஒருநாள் இந்த வழியாகவே அவன் வீட்டுக்கு வந்துவிடுவான் என்று அவள் நம்பினாள்.

மகளுக்கு வாலாஜாபாத்தில் மாப்பிள்ளை அமைந்தது. அரிசி ஆலைக் குடும்பம். சாதி விட்டுக் கட்டிய என் மகன் பந்தலுக்கு வரக் கூடாது என்றார்கள். ஒத்துக்கொண்டேன். எங்களில் பெண்ணின் கையில் பொரி போடுவது கூடப் பிறந்தவன் வேலை. அவன் போடப் போட, அவள் அதை அக்கினியில் விடுவாள். அந்த இடத்தில் தென்னேரியிலிருந்து வந்த என் அண்ணன் மகனை நிறுத்தினேன்.

கல்யாணம் முடிந்ததும் அந்த வீடியோவையும் மகனுக்கே ஏற்றினேன். வேறு யாரிடம் கொடுப்பேன்? என் மகள் கல்யாணத்தில் இதயத்தைப் பறக்க விடவா?

எண் ஒன்றானது. ஆனால் திரும்பி வர வழக்கத்தைவிட நாளானது. வந்ததைத் திறந்து, இருந்த இடத்தை விட்டு எழாமல் பார்த்தேன். அப்படி வெட்டியிருந்தான். மகள் மணையில் உட்காருகிறாள், அடுத்ததாக அவள் அம்மா எதையோ தேடுகிறவள் போல மண்டபத்து வாசலைப் பார்க்கிறாள். சடங்குக்கு நடுவே கேமராவை வாங்கி நான் எடுத்த படம்தான். எடுக்கும்போது எனக்கு அது தெரியவில்லை.

பொரி போடுகிற இடம் வந்தது. திரையில் என் மகளின் குவிந்த இரண்டு உள்ளங்கைகள். மேலிருந்து ஒரு கை பொரியைப் போடுகிறது. முகம் இல்லை, தோள் இல்லை. நெருப்பில் விழுகிற வரைக்கும் கைகள் மட்டும்தான்.

மனைவி குனிந்து பார்த்தாள். "எம்புள்ள கை மாதிரியே இருக்குது."

"அது தென்னேரியான் கை."

"தெரியும். இருக்கட்டும், வுடுங்க."

டிவிடி போடுவதற்குமுன் பார்க்கலாமென்று அண்ணனும் சம்பந்தியும் வந்தார்கள். பொரி வந்ததும் அண்ணன் எழுந்துவிட்டார்.

"இன்னாடா இது? எம்புள்ள புது வேட்டி கட்டிக்கினு பொகையில கண்ணு எரிய நின்னான், மூஞ்சியவே காணோம்? பொரி இன்னா வானத்துலேர்ந்தா வுழுந்துது?"

சம்பந்தி சிரித்துக்கொண்டே, "யாரு சம்பந்தி வெட்டுனது?" என்றார். கண்ணில் சிரிப்பு இல்லை.

"நான்தான். சின்னத் தப்பு, இப்பவே சரி பண்ணிடறேன்" என்றேன்.

எனக்கு வெட்டத் தெரியாதா என்ன? அவர்கள் கண் முன்னாலேயே அந்தக் கைகளை எடுத்துவிட்டு, அண்ணன் மகன் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிற துண்டை வைத்தேன். "ஆங், இப்ப கல்யாணம் மாதிரி இருக்குது" என்றார் அண்ணன். காபித் தட்டோடு மனைவி பின்னால் நின்றுகொண்டிருந்தாள். மகள் அந்த வீட்டில் வாழ வேண்டும். என் இடத்தில் யார் இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பார்கள் என்று இன்றும் சொல்வேன்.

வேலை முடிந்த வீடியோவை மகன் சரிபார்க்க ஏற்றிவைப்பது எங்கள் வழக்கம். "அத மட்டும் ஏத்தாதீங்க" என்றாள் மனைவி. தொழிலில் ஒளிவுமறைவு எதற்கு என்று சொல்லி ஏற்றினேன். எண் ஒன்றானது.

அடுத்து ஒரு முசரவாக்கம் கல்யாணத்தை ஏற்றினேன். சைபர். துண்டு ஏதாவது கெட்டுப்போயிருக்கும் என்று மறுபடி ஏற்றினேன். சைபர். காலையில் காபி வந்தது, கேள்வி வரவில்லை. என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். மகளை அவனுக்குப் போன் செய்யச் சொன்னோம். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று கன்னடத்தில் ஒரு பெண் குரல் சொன்னதாம். அவன் வேலை செய்த கம்பெனியில் கேட்டதற்கு, நின்றுவிட்டான் என்றார்கள்.

"நீங்களே போயி கூட்டிக்கினு வாங்க" என்றாள் மனைவி. அன்றுதான் அவள் என்னிடம் குரலை உயர்த்தினாள்.

பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். பெங்களூர் வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். கண்டக்டர் வந்தார்.

"பெங்களூர்ல எங்கண்ணே எறங்கணும்?"

எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் எத்தனையோ கல்யாணங்களை அவனுக்கு அனுப்பியிருக்கிறேன். அவன் எந்தத் தெருவில் இருக்கிறான் என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்க வேண்டிய அவசியமே வரவில்லை.

"ஏண்ணே, உன்னத்தான்."

பின்னால் யாரோ சீட்டுக்காக நின்றார்கள். நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்து அவருக்கு இடம் விட்டேன்.