எந்த மாதம் வந்தாலும் நல்ல மாதம்

எங்கள் ஓட்டலுக்குப் போன் செய்து, "எந்த மாசம் வந்தா உங்க ஊர் நல்லா இருக்கும்?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வது அவள் வேலை. அவள் பேச்சைக் கேட்டு வந்து இறங்கியபின், "இப்படி இருக்கும்னு ஏன் முன்னாடியே சொல்லலை?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வது என் வேலை. இரண்டு நாற்காலிகளும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கின்றன. அவள் ஆளைக் கூட்டி வருவாள், நான் வாங்கிக் கட்டிக்கொள்வேன். அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் சீசன். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருக்கிறது, அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்ப்பதில்லை.

ஓட்டல் கடலைப் பார்த்து நிற்கிறது. கடல் தெரியும் அறைக்கு ஒரு வாடகை, தெரியாத அறைக்கு ஒரு வாடகை, கழுத்தை வளைத்தால் தெரியும் அறைக்கு நடுவாந்தரமாக ஒரு வாடகை. கடலைப் பற்றி வாய் ஓயாமல் பேசும் நாங்கள் உட்கார்ந்திருப்பதோ தரைக்குக் கீழே, சலவைக்கூடத்துக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவே, ஜன்னலே இல்லாத அறையில். கம்ப்யூட்டர்கள் சூடாகக் கூடாது என்று ஏசியை முடுக்கி வைத்திருப்பார்கள். மனிதர்கள் விறைத்துப் போகலாம், அதற்குத் தடையில்லை. வெளியே ஊரே வியர்வையில் நனையும்போது நாங்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, "இதமான வானிலைங்க" என்று சொல்லிக்கொண்டிருப்போம். மழை பெய்கிறதா என்று தெரிய வேண்டுமானால் அடுத்த ஷிப்டுக்கு வருகிறவரின் பேண்ட் எதுவரை மடித்திருக்கிறது என்று பார்த்துக்கொள்வோம்.

உள்ளபடி சொன்னால் எங்கள் ஊருக்கு வருடத்தில் மூன்று மாதம்தான் மனிதர்கள் வரத் தகுந்தது. அப்போது காற்று வரும், வானம் தெளிவாக இருக்கும், ராத்திரியில் போர்வைகூடத் தேவைப்படும். அப்புறம் வெயில், செருப்பு தாரில் ஒட்டிக்கொள்ளும். அதற்கப்புறம் மழை, அந்தச் செருப்பு மிதந்து போகும். ஆனால் இதையெல்லாம் போனில் சொல்ல எங்களுக்கு வாய் கிடையாது. "நம்ம ஊர்ல கெட்ட மாசம்னு ஒண்ணு இல்லை. கெட்ட பதில்தான் உண்டு" என்பது எங்கள் மேலாளரின் வேதவாக்கு. அவர் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து, பதிவாகும் பேச்சுகளை நினைத்த நேரத்தில் ஒட்டுக் கேட்டு மதிப்பெண் போடுவார். வெயில் என்று சொல்லக் கூடாது, சூரிய ஒளி நிறைந்த நாட்கள் என்று சொல்ல வேண்டும். மழைக்காலம் பசுமைக் காலம். தெருவில் தண்ணீர் ஏறி நாலு நாள் யாரும் வெளியே தலைகாட்டவில்லை என்றால் அது கூட்டமில்லாத அமைதியான சூழல். அப்படி ஒரு அமைதியான சூழலில், பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு தண்ணீரில் நின்றபடி ஒரு மனிதர் என்னைக் கூப்பிட்டார். "பசுமைன்னு சொன்னாங்க, இங்க எல்லாம் பழுப்பா இருக்குது சார்" என்றார். அவரிடம் நான் என்ன சொல்லிச் சமாளித்தேன் என்பது எனக்கே நினைவில்லை.

சீசன் பொய் சொல்கிறாள் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அவள் குரலில் அப்படி ஒரு நம்பிக்கை. கொதிக்கும் மாதத்தில் வரலாமா என்று ஒருவர் இழுத்தால், "மாம்பழம் உங்களுக்குப் பிடிக்குமா சார்?" என்று கேட்பாள். அவ்வளவுதான், அந்த ஆள் குடும்பத்தோடு பெட்டி கட்டிவிடுவான். மேலாளர் எங்களிடம் அவளை உதாரணம் காட்டாத வாரம் கிடையாது. எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். அவளுக்குப் பாராட்டு கூடக்கூட எனக்குத் திட்டும் கூடியது.

இதே வாய்தான் வீட்டுக்குப் போனால் வேறு மாதிரி பேசும். அவளுக்கு ஒரே ஒரு அக்கா. கடலுக்கு வெகு தொலைவில், தண்ணீர் லாரியை எதிர்பார்த்து வாழும் ஒரு சிற்றூரில் தையல் கடை வைத்திருக்கிறாள். தாய் தகப்பன் போனபிறகு தங்கையை வளர்த்து, படிக்கவைத்து, கட்டிக்கொடுத்தவள். தனக்கென்று ஒன்றும் செய்துகொள்ளவில்லை, கேட்டால் நேரம் இல்லை என்பாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்வாள். பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில், "நான் ஒரு தடவை வந்துட்டுப் போகட்டுமா?" என்பதில் வந்து நிற்கும். கடலையெல்லாம் டிவியிலேயே பார்த்தாயிற்று, அதற்காக அவள் வரவேண்டியதில்லை. தங்கை எப்படிக் குடித்தனம் நடத்துகிறாள் என்று கண்ணால் பார்க்க வேண்டும், கூட நாலு நாள் இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை.

ஊரையே வா வா என்று அழைக்கும் சீசன், அக்காவிடம் உண்மை மட்டுமே பேசுவாள். வெயில் மாதமானால், "வேண்டாம்க்கா, மொட்டை மாடிக்குக் கீழ ஒரே அறை, வெந்துபோவே" என்பாள். மழை மாதமானால், "தெருவுல தண்ணி நிக்குது, உன் மூட்டுவலிக்கு ஆகாது" என்பாள். அந்த மூன்று நல்ல மாதம் வந்தாலோ, "ஐயோ இப்ப எனக்கு மூச்சு விடவே நேரமில்லைக்கா, கொஞ்சம் பொறு" என்பாள். அதுவும் உண்மைதான். ஊர் நன்றாக இருக்கும்போது ஓட்டல் நிரம்பி வழியும், எங்களில் எவருக்கும் விடுப்பு கிடையாது. ஈ ஓட்டும் மாதங்களில், "லீவு போடேன், லீவு போடேன்" என்று ஓட்டல்காரர்களே பிடித்துத் தள்ளுவார்கள். இப்படியே வருடங்கள் ஓடின. அக்கா வரவேயில்லை.

"ஊர் பேர் தெரியாதவனையெல்லாம் வாங்க வாங்கன்னு கூப்பிடற, கூடப் பொறந்தவளை மட்டும் வராதேங்கற" என்று ஒருநாள் அவளிடம் எரிந்து விழுந்தேன்.

"அவங்க வந்து கஷ்டப்பட்டா உங்களுக்குப் போன் போட்டுத் திட்டுவாங்கண்ணே. அக்கா கஷ்டப்பட்டா யார்கிட்டயும் சொல்ல மாட்டா" என்றாள்.

ஒரு திங்கட்கிழமை அவள் முகம் செத்துப்போய் வந்தாள். ஹெட்போனை மாட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். என்னவென்று கேட்டேன். நேற்று அக்கா வழக்கம்போல வரட்டுமா என்று கேட்கவில்லையாம். அதற்குப் பதிலாக, "நான் வர்றது உனக்குச் சங்கடமா இருந்தா நேராவே சொல்லிடும்மா, நான் ஒண்ணும் தப்பா எடுத்துக்க மாட்டேன். இனிமே கேக்கலை" என்றாளாம். தங்கச்சி பெரிய ஓட்டலில் வேலை பார்க்கிறாள், அக்காவைப் போல ஒருத்தி வந்து நின்றால் அவளுக்குக் கௌரவக் குறைச்சல் என்று யாரோ அங்கே ஓதியிருக்கிறார்கள்.

"எனக்குக் கௌரவமாண்ணே?" என்று கேட்டுவிட்டு, ஸ்வெட்டர் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்றைக்கே விடுப்பு கேட்டாள். நல்ல மாதம் தொடங்கும் நேரம். மேலாளர் அவளை ஏதோ நிலாவைக் கேட்டவளைப் போலப் பார்த்தார். இருந்தாலும் அவள் அக்காவுக்குப் போன் போட்டு, "இதுதான்க்கா எங்க ஊருக்கு வர்றதுக்கு ரொம்ப நல்ல மாசம், கிளம்பி வா" என்று சொல்லிவிட்டாள். தொழில் புத்தி, மாதத்தை மட்டும் பார்த்தாள்.

அக்கா வந்தாள். வானிலையில் ஒரு குறை சொல்ல முடியாது. விளம்பரப் படத்தில் போடுவது போல வானம், காலையும் மாலையும் காற்று. அந்த வாரம் பார்த்து எங்கள் அறையில் இரண்டு பேர் வேலையை விட்டுவிட்டுப் போனார்கள், சீசனுக்கு இரட்டை ஷிப்டு விழுந்தது. விடியும்முன் கிளம்பி வருவாள், திரும்பிப் போய்த் தட்டின் முன்னால் உட்கார்ந்தபடியே தூங்கி விழுவாள். அவள் கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். ராத்திரி வேலை, பகல் முழுக்க அந்த ஒற்றை அறையில்தான் தூங்குவார். மனுஷன் தூக்கம் கெட்டால் கிரேன் தப்பாக இறங்கும் என்று அக்காவுக்குப் பயம். பாத்திரம் உருட்டாமல், குழாயைச் சத்தமாகத் திறக்காமல், பூனை நடை நடந்தாள். சமையலை முடித்துவிட்டு ஊசி நூலோடு மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொள்வாள். தலையணை உறை, திரைச்சீலை, கிரேன்காரரின் சட்டை என்று வீட்டில் கிழிந்தது ஒன்றையும் விடவில்லை. எல்லாம் தீர்ந்ததும் கிழியாததையும் ஒருமுறை தைத்தாள்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், இரண்டு அழைப்புகளுக்கு நடுவே சீசன் சொல்வதுதான். "ஆமாங்க, குடும்பத்தோட வர்றதுக்கு இதைவிட நல்ல மாசம் கிடையாதுங்க, சாயங்காலம் எல்லாரும் சேர்ந்து கடற்கரையில நடக்கலாம்" என்று ஒரு ஆளை முடித்து அனுப்பிவிட்டு என் பக்கம் திரும்புவாள். "நேத்து முழுக்க அக்கா என்கூடப் பேசினதே ரெண்டு வார்த்தைண்ணே. சாப்பிடு. தூங்கு." அடுத்த மணி அடித்துவிடும்.

அக்கா ஊர் திரும்புவதற்கு முந்தின நாள். கூட்டம் தாங்காமல் என்னையும் முன்பதிவு அழைப்புகளை எடுக்கச் சொல்லியிருந்தார்கள். எங்கள் சொந்தப் போன்களை வாசலிலேயே பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள், வெளியுலகம் எங்களை எட்ட வேண்டுமென்றால் வாடிக்கையாளராகத்தான் வரவேண்டும். மதியம் ஒரு பெண் குரல் வந்தது. பக்கத்தில் யாரோ தூங்குவது போல ரகசியமாகப் பேசியது.

"எந்த மாசம் வந்தா நல்லா இருக்கும்னு கேக்கணுங்க."

"எந்த மாசம் வந்தாலும் நல்லா இருக்குங்க" என்று நான் சுரத்தில்லாமல் ஆரம்பித்தேன்.

"உங்ககிட்ட இல்லைங்க, தப்பா நினைச்சுக்காதீங்க. நல்லாப் பேசற பொண்ணு ஒண்ணு அங்க இருக்காமே, அதுகிட்டக் குடுங்க."

முகத்தில் அடித்தது போலத்தான் இருந்தது. அழைப்பைச் சீசனுக்கு மாற்றிவிட்டேன். மாற்றியதும் நாம் இணைப்பை விட்டுவிட வேண்டும் என்பது விதி. அப்படி என்னதான் நல்லாப் பேசுகிறாள் பார்ப்போம் என்ற கடுப்பில் நான் விடவில்லை.

"வணக்கம், உங்களுக்கு எப்படி உதவட்டும்?" என்றாள் சீசன்.

"சாப்பிட்டியா?" என்றது அந்தக் குரல்.

சீசனின் கை விசைப்பலகைமேல் அப்படியே நின்றது. யாரென்று அப்போதுதான் எனக்கும் உறைத்தது. கண்ணாடிக்குப் பின்னால் மேலாளர் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தார். சீசன் அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். "எந்த மாசம் வர விரும்பறீங்கம்மா?" என்று கேட்டாள், அட்சரம் பிசகாத ஓட்டல் குரலில்.

அக்கா கெட்டிக்காரி, ஒரு நொடியில் புரிந்துகொண்டாள். "அதைத்தாம்மா கேக்கணும். நல்ல மாசம்னு சொன்னாங்கன்னு இப்ப ஒரு ஊருக்கு வந்திருக்கேன். மாசம் நல்லாத்தான் இருக்குது, பொய் சொல்லக் கூடாது. காத்து வருது, வெயில் உறைக்கலை. ஆனா யாரைப் பாக்க வந்தேனோ அவளைத்தான் பாக்க முடியலை."

"உங்க கருத்துக்கு நன்றிம்மா" என்றாள் சீசன்.

"மழைக்காலத்துல வந்தா எப்படி?"

"மழைக்காலம் எங்க ஊரோட பசுமைக் காலம்மா."

"தெருவுல தண்ணி நிக்குமா?"

இதற்கு எங்களிடம் அழகான பதில் ஒன்று உண்டு. சீசன் அதைச் சொல்லவில்லை. "நிக்கும்" என்றாள்.

"கரண்டு போகுமா?"

"போகும்."

"அங்க போன் எடுக்கறவங்களுக்கு லீவு கிடைக்குமா?"

"கிடைக்கும்மா. வேண்டாம்னாலும் குடுப்பாங்க."

"அப்ப அதையே போட்டுக்கோம்மா. ரூமெல்லாம் வேண்டாம், எனக்குத் தங்கச்சி வீடு இருக்குது. தண்ணி நின்னா நிக்கட்டும், ரெண்டு பேரும் வெளிய போகாம உக்காந்துக்கறோம்."

மேலாளர் எழுந்து வந்து எங்களுக்குப் பின்னால் நின்றுவிட்டார். அவர் நிற்பது சீசனுக்கும் தெரியும். "ஆமாக்கா, அப்பவே வா" என்றாள், ஓட்டல் குரலை எங்கேயோ கழற்றி வைத்துவிட்டு. "இந்த மாசத்துல மட்டும் இனிமே வராதே. இருக்கறதுலயே மோசமான மாசம் இதுதான்."

நகரத்தின் மிகச் சிறந்த மாதத்தை, பதிவாகும் அழைப்பில், எங்கள் ஓட்டலின் மிகச் சிறந்த வாய் மோசம் என்று சொல்லிவிட்டது. மேலாளர் அந்த அழைப்புக்குச் சைபர் போட்டார். அத்தோடு விடவில்லை, விசாரணை வைத்தார். உடனே வீட்டுக்கு அனுப்பத்தான் அவருக்கு ஆசை. ஆனால் ஓட்டல் நிறைந்திருக்கிறது, போன் அடித்தபடி இருக்கிறது, அவளைவிட்டால் ஆள் ஏது? ரொம்ப யோசித்து ஒரு தண்டனை கண்டுபிடித்தார். இந்தக் கூட்டம் முடியும்வரை அவள் ஒழுங்காக வேலை பார்க்க வேண்டும். மழைக்காலம் வந்ததும் ஒரு மாதம் சம்பளமில்லாமல் வீட்டில் கிடக்க வேண்டும்.

ஒரு மாதச் சம்பளம் என்பது அவளுக்குச் சின்ன அடி இல்லை. சீசன் தண்டனைக் கடிதத்தைப் படித்தாள், அந்த மாதத்தின் பெயரை மட்டும் இன்னொரு தடவை படித்தாள், பேனா வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். போடும்போது அவள் சிரித்ததை மேலாளர் திமிர் என்று கீழே எழுதிக்கொண்டார்.